அந்த ஆமை எந்தக் கடல் ஆமை?

அக்கா மகளுக்குப் பள்ளியில் ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். எட்டாம் வகுப்பு. தலைப்பு, ‘பிளாஸ்டிக் மாசும் கடல்வாழ் உயிரினங்களும்’. இணையத்தில் தேடி நாலு பக்கம் எழுதிக் கொண்டுவந்து, “மாமா, தப்பு இருந்தா பாத்துச் சொல்லுங்க” என்று நீட்டினாள். ஒற்றுப்பிழை இரண்டு மூன்று இருந்தது, அவ்வளவுதான். ஆனால் படித்து முடித்ததும், இதை எத்தனை தடவை எத்தனை இடத்தில் படித்திருக்கிறோம் என்று தோன்றியது. ஆமையின் மூக்கில் ஸ்ட்ரா. பாலிதீன் பையை ஜெல்லி மீன் என்று நினைத்து விழுங்கும் ஆமை. 2050-ல் கடலில் மீனைவிடப் பிளாஸ்டிக் அதிகமாக இருக்கும். அந்த மீனைத் தின்னும் நமக்கும் ஆபத்து. ஆகவே மஞ்சப்பை எடுத்துச் செல்வோம்.

அவள் மேல் தப்பில்லை. கண்காட்சி அட்டை, கடற்கரையைச் சுத்தம் செய்யும் நாளில் கையில் திணிக்கும் துண்டறிக்கை, யூட்யூப் காணொளி, எதை எடுத்தாலும் இதே நாலு செய்திதான், கிட்டத்தட்ட இதே வரிசையில். இது தனி ஒரு எழுத்து வகையாகவே ஆகிவிட்டது. அந்த வகையைத்தான் இங்கே கொஞ்சம் உரசிப் பார்க்க நினைக்கிறேன். பிளாஸ்டிக் கடலுக்குக் கேடு என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என் புகார் வேறு. இந்தக் கட்டுரைகள் எதுவும் நம் கடலைப் பார்த்து எழுதப்பட்டவை இல்லை. அதனால் நம் கடலில் என்ன நடக்கிறது என்பதையே சில சமயம் மறைத்துவிடுகின்றன.

முதலில் அந்த ஸ்ட்ரா. 2015 ஆகஸ்டில் கோஸ்டாரிகா நாட்டின் பசிபிக் கரைக்கு அப்பால், ஆமைகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு படகில் எடுத்த காணொளி அது. கிறிஸ்டின் ஃபிகனர் என்ற கடலுயிர் ஆய்வாளர் படம்பிடித்தார். ஆமையின் மூக்கில் நீட்டிக்கொண்டிருந்ததை முதலில் ஏதோ புழு என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். இடுக்கியால் இழுத்தபோதுதான் பிளாஸ்டிக் ஸ்ட்ரா என்று தெரிந்தது. மூக்கில் ரத்தம் வழிய வழிய அதை உருவி எடுத்து, ஆமையைத் திரும்பக் கடலில் விட்டார்கள். கோடிக்கணக்கானோர் பார்த்த காணொளி. உலகம் முழுக்க ஸ்ட்ராவுக்கு எதிராக எழுந்த அலைக்கு அது ஒரு பெரிய உந்துதல். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட 14 பொருட்களின் பட்டியலில் ஸ்ட்ராவும் உண்டு.

அந்த ஆமை என்ன இனம் என்று நம் கட்டுரைகள் எதிலும் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆலிவ் ரிட்லி. நம்மூரில் பங்குனி ஆமை என்பார்களே, அதேதான். நீலாங்கரையிலும் பெசன்ட் நகரிலும் ஜனவரி பிறந்ததும் ராத்திரியில் கரையேறி முட்டையிடுகிற ஆமை. 1988-லிருந்து மாணவர்களும் தன்னார்வலர்களும் ஒவ்வொரு பருவத்திலும் அந்த மணலில் விடிய விடிய நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறார்கள். செத்து ஒதுங்கிய ஆமைகளையும் கணக்கெடுக்கிறார்கள். இனத்தின் பெயரை ஒரு வரி சேர்த்திருந்தால், தாம்பரத்துப் பிள்ளைக்கு அது வேற்றுநாட்டு ஆமையாக இருந்திருக்காது. ‘நம்ம ஆமைக்கு என்ன ஆகுது?’ என்ற அடுத்த கேள்வி தானாக வந்திருக்கும்.

நம்ம ஆமைக்கு என்ன ஆனது என்பதற்கு 2025 ஜனவரியில் பதில் கிடைத்தது. சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆமைகள் செத்து ஒதுங்கத் தொடங்கின. மெரினா, பெசன்ட் நகர், நீலாங்கரை, கோவளம் என்று நாளுக்கு நாள் எண்ணிக்கை ஏறி, மாதம் முடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்தன. அரை மணி நேரத்தில் தீர்ப்பும் வந்துவிட்டது. “எல்லாம் நாம தூக்கிப் போடுற பிளாஸ்டிக்தான்.” “பீச்சுக்குப் போறவங்க திருந்தணும்.” ஒருவர் அந்தக் கோஸ்டாரிகா காணொளியையே மறுபடி அனுப்பினார். நானும் முதல் நாள் அப்படித்தான் நினைத்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

உடற்கூறாய்வில் தெரிந்தது வேறு. கண்கள் பிதுங்கியிருந்தன, கழுத்து வீங்கியிருந்தது, நுரையீரலில் மூச்சடைத்ததன் அடையாளம். நீரில் மூழ்கிச் சாவதன் குறிகள் இவை. ஆமைக்கு எப்படி நீரில் மூழ்கிச் சாவு வரும் என்று தோன்றலாம். ஆமைக்குச் செவுள் கிடையாது, நம்மைப் போல நுரையீரல்தான். மூச்செடுக்க மேலே வந்தாகணும். விசைப்படகு இழுத்துக்கொண்டு போகும் இழுவலையின் பைக்குள் மாட்டினால் வர முடியாது. வலை எவ்வளவு நேரம் இழுபடுகிறதோ அவ்வளவுக்குச் சாவும் கூடும். இணை சேரவும் முட்டையிடவும் அவை கரையை ஒட்டிக் கூடுகிற காலமும், விசைப்படகுகள் கரையோரம் நெருங்கி வருகிற காலமும் ஒன்றாகிவிட்டால் இதுதான் நடக்கும்.

சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-லிருந்து இருக்கிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக்கூடாது. வலையில் ஆமை விலக்கு சாதனம் பொருத்தலாம். பெயர்தான் பெரிசு, வலையின் கழுத்தில் வைக்கும் கம்பிச் சட்டம், அவ்வளவுதான். இறாலும் சிறுமீனும் கம்பிகளுக்கு நடுவே உள்ளே போய்விடும், ஆமை முட்டி மேலேயுள்ள திறப்பு வழியாக வெளியே போய்விடும். அந்தத் திறப்பில் பிடிபட்ட மீனும் கொஞ்சம் போகும் என்பதால் படகுக்காரர்களுக்கு அதில் விருப்பமில்லை. அவர்கள் கவலையும் பொய்யில்லை, டீசல் விலையைப் பார்த்தால் தெரியும். இது பழைய சண்டைதான். 1990களின் பின்பாதியில் இறாலும் ஆமையும் சேர்ந்து உலக வணிக அமைப்பு வரைக்கும் வழக்காகப் போயின, அமெரிக்கா மேல் வழக்குப் போட்ட நாலு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஆமைகள் கரைக்கு வருவது அதற்கு முன்னாலேயே. தடை தொடங்கும்போது சாக வேண்டியது செத்து முடிந்திருக்கும்.

வாட்ஸ்அப் தீர்ப்பு வெறும் தகவல் பிழையாக இருந்திருந்தால் நான் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். அது பொறுப்பை இடம் மாற்றிவிடுகிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து இந்தச் சாவுகளை விசாரணைக்கு எடுத்துக்கொண்டு அதிகாரிகளைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த அதே வாரங்களில், செம்பாக்கத்திலும் சேலையூரிலும் நாங்கள் ஸ்ட்ராவுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தோம். ரோந்துப் படகு எத்தனை, எத்தனை வலையில் அந்தச் சட்டம் இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டிய வாய்கள், ‘நாம் எல்லாரும்தான் காரணம்’ என்று சொல்லி முடித்துக்கொண்டன. எல்லாரும் காரணம் என்றால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, பாருங்கள்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அந்த இழுவலையும் பிளாஸ்டிக்தான். பருத்தி, சணல் வலைகள் போய் நைலான் வந்து அறுபது எழுபது வருஷம் ஆகிறது. இன்றைக்குச் செவுள்வலை நைலான், இழுவலை பெரும்பாலும் பாலிஎதிலீன். பருத்தி வலை அறுந்து கடலில் போனால் சில மாதங்களில் மக்கிவிடும். நைலான் வலை அறுந்து போனால் ஆளில்லாமலே வருஷக்கணக்கில் மீன்பிடித்துக்கொண்டே இருக்கும். பேய்வலை என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், பொருத்தமான பெயர். மாலத்தீவில் ஆழமான இழுவலை மீன்பிடிப்பே கிடையாது, தூண்டில்தான் அங்கே பிரதானம். ஆனாலும் வருஷா வருஷம் பேய்வலைகள் மிதந்து வருகின்றன, அதில் ஆமைகள் மாட்டிக்கொண்டு வருகின்றன. மாட்டுவதில் பெரும்பாலானவை ஆலிவ் ரிட்லி. அவை எங்கிருந்து வந்தவை என்று மரபணுவை வைத்து மார்ட்டின் ஸ்டெல்ஃபாக்ஸும் மற்றவர்களும் 2020-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இலங்கை, இந்தியாவின் கிழக்குக் கரை ஆமைக் கூட்டங்களோடுதான் பெரும்பாலானவை ஒத்துப்போயின. அதாவது, பெசன்ட் நகரில் பொரித்துக் கடலில் விட்ட குஞ்சு, வளர்ந்து மாலத்தீவுப் பக்கம் ஒரு வலையில் கால் அறுபட்டுக் கிடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

இது பிளாஸ்டிக்கின் விளைவுதானே? சந்தேகமென்ன. ஆனால் நம் கட்டுரை வகையில் இதற்கு இடமே இல்லை. அங்கே பிளாஸ்டிக் என்றால் சமையலறையிலிருந்தும் கடைவீதியிலிருந்தும் போவது மட்டும். ஏனென்றால் முடிவு மஞ்சப்பையில் போய் நிற்க வேண்டும், பேய்வலையைச் சொன்னால் கட்டுரை அங்கே போய் நிற்காது. பழைய வலைகளைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கும் முயற்சி ஒன்றைக் காசிமேட்டில் அரசு தொடங்கியிருக்கிறது. மஞ்சப்பைக்குக் கிடைத்த விளம்பரத்தில் பத்தில் ஒரு பங்குகூட அதற்குக் கிடைக்கவில்லை என்பது என் கணிப்பு.

எதிர்ப்பக்கம் சாய்கிறவர்களும் இருக்கிறார்கள். 2021-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘சீஸ்பிரசி’ படத்தைப் பார்த்துவிட்டு, “கடல் பிளாஸ்டிக்கில் பாதி வலைதானாம், ஸ்ட்ராவெல்லாம் சும்மா” என்று சொல்கிறவர்கள். அந்த 46 சதவீதம் என்பது பசிபிக் பெருங்கடலின் நடுவே சுழலில் மிதக்கும் குப்பைத் திட்டு ஒன்றின் எடையைப் பற்றியது. கடல் முழுசுக்கும் பொருந்தாது. வலை மிதக்கும், வெகுதூரம் போகும், ஆகவே நடுக்கடலில் அதிகம் சேரும். நம் முகத்துவாரத்தில் போய் எண்ணினால் வேறு கணக்கு வரும்.

2050 கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 2016 ஜனவரியில் டாவோஸ் கூட்டத்தையொட்டி எலன் மெக்கார்தர் அறக்கட்டளை வெளியிட்ட அறிக்கையில் வந்தது அது. எடைக்கு எடை ஒப்பீடு. 2025 வரைக்கும் போட்டிருந்த ஒரு மதிப்பீட்டை 2050 வரை இழுத்து நீட்டினார்கள். மீனின் எடையையோ மாறாது என்று வைத்துக்கொண்டார்கள். கடலில் மொத்தம் எவ்வளவு மீன் என்பதே பெரிய ஊகம். நடுஆழ மீன்கள் மட்டுமே முன்பு நினைத்ததைவிடப் பத்து மடங்கு, ஆயிரம் கோடி டன் வரை இருக்கலாம் என்று 2014-லேயே ஓர் ஆய்வு சொல்லியிருந்தது. ஆக இரண்டு பக்கமும் ஊகம், அவற்றை ஒப்பிட்டு ஒரு வாசகம். சுவரொட்டிக்கு நல்ல வாசகம், ஒத்துக்கொள்கிறேன். மாணவர் கட்டுரையில் ‘ஆய்வாளர்கள் நிரூபித்துள்ளனர்’ என்று வரும்போதுதான் உறுத்துகிறது.

இதைவிட எனக்குச் சுவாரசியமான எண் வேறு. 2017-ல் ஓர் ஆய்வு, ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கில் 88 முதல் 95 சதவீதம் வரை வெறும் 10 பெரிய ஆறுகளிலிருந்து வருகிறது என்றது. கங்கையும் சிந்துவும் அதில் உண்டு. உடனே எல்லாக் கட்டுரைகளிலும் கங்கை வந்துவிட்டது. 2021-ல் வந்த விரிவான ஆய்வு அதைத் திருப்பிப் போட்டது. 80 சதவீதத்தைக் கொண்டுசேர்ப்பவை 1,000-க்கும் மேற்பட்ட ஆறுகள். அவற்றில் நெருக்கமான நகரங்களுக்குள் ஓடும் சின்னச் சின்ன ஆறுகளுக்குத்தான் பெரிய பங்கு. மழை எவ்வளவு, ஆற்றுக்கும் குப்பைக்கும் எவ்வளவு தூரம், ஆற்றுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் சேர்த்துப் போட்ட கணக்கு. இதைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது கங்கை இல்லை. அனகாபுத்தூர்ப் பாலம்.

தாம்பரத்துக்காரர்களுக்குக் கடல் என்றால் ஞாயிற்றுக்கிழமை போகிற இடம். கட்டுரையிலும் கடல் தூரத்தில்தான் இருக்கும். ஆனால் நேர்கோட்டில் பார்த்தால் இங்கிருந்து கடல் 15 கிலோமீட்டர்தான். நாம் ஓர் அணைவரப்பின் மேல் குடியிருக்கிறோம் என்றுகூடச் சொல்லலாம். ஜிஎஸ்டி ரோட்டுக்கு மேற்கே, முடிச்சூர், பெருங்களத்தூர்ப் பக்கத்தில் விழும் மழைத்தண்ணி அடையாற்றுக்குப் போகிறது. மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீராய்ப் புறப்பட்டு, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்துத் தண்ணியையும் சேர்த்துக்கொண்டு, அனகாபுத்தூர் வழியாகப் பட்டினப்பாக்கத்தில் கடலைச் சேரும் ஆறு. ரோட்டுக்குக் கிழக்கே சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி கலங்கல் வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், முட்டுக்காடு, கடல். நாம் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதைப் பொறுத்து நம் வீட்டுக் குப்பை பட்டினப்பாக்கத்துக்குப் போகும், இல்லாவிட்டால் முட்டுக்காட்டுக்கு.

கிழக்குப் பாதையில் ஒரு பெரிய நிறுத்தம் உண்டு. பெருங்குடிக் குப்பைமேடு. சதுப்பு நிலத்துக்குள்ளேயே சுமார் 225 ஏக்கரில் பல பத்தாண்டுகளாகக் கொட்டியது. 2022 ஏப்ரல் கடைசியில் அது தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது, வேளச்சேரி வரை மூச்சுமுட்டியது ஞாபகம் இருக்கும். அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணைக்கு ராம்சார் அங்கீகாரமும் கிடைத்தது. கடற்கரைக் குப்பையை ஆராயும் தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் இருப்பதும் அந்தச் சதுப்பை ஒட்டி, வேளச்சேரி–தாம்பரம் சாலையில். பேருந்து ஜன்னல் வழியாகவே இந்தப் பாடத்தில் பாதியைப் படித்துவிடலாம்.

மேற்குப் பாதைக்கு ஓர் ஆய்வே இருக்கிறது. 2015 வெள்ளத்தை முடிச்சூரும் வரதராஜபுரமும் மறக்காது. அந்த ஆண்டு மார்ச்சிலும், வெள்ளம் வந்த நவம்பரிலும் சென்னைக் கரையின் மணலை அள்ளி, அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகளை வீரசிங்கமும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் எண்ணினார்கள். 2016-ல் வெளியான முடிவு: நவம்பரில் மார்ச்சைவிட மூன்று மடங்கு. கூவமும் அடையாறும் நிலத்திலிருந்து அடித்துக்கொண்டுபோய்க் கடலில் போட்டதை, காற்றும் நீரோட்டமும் திரும்பக் கரையில் போட்டிருந்தன. வழக்கமாக வெயில்காலத்தில் அடையாற்று முகத்துவாரம் மணல்மேடிட்டு அடைந்துகொள்ளும். வருஷம் பூரா சேர்ந்தது எல்லாம் வடகிழக்குப் பருவமழையில் ஒரே தள்ளாகப் போகும். அதற்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து அதே கரைக்கு ஆமைகள் வருகின்றன.

குருணை என்றேனே, அது என்ன என்று சொல்ல வேண்டும். பக்கெட், பாட்டில், குழாய் எதுவானாலும் வார்ப்பதற்கு முன்னால் பிளாஸ்டிக் ஜவ்வரிசி மாதிரி மணிமணியாகத்தான் மூட்டையில் வரும். அந்த மணி. வீட்டில் யாரும் அதை வாங்குவதில்லை, தூக்கிப் போடுவதும் இல்லை. கிடங்கிலும் லாரியிலும் துறைமுகத்திலும் ஆலை வாசலிலும் சிந்துகிறது. ஒட்டுமொத்தமாகச் சிந்தினால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்து நாட்டில் பார்த்தோம். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்து, ஜூனில் மூழ்கியது. சுமார் 1,680 டன் குருணை கடலில் போனது, நீர்கொழும்புக் கரை பனி பெய்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. 2025 மேயில் கேரளத்துக்கு அப்பால் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலின் குருணை கன்னியாகுமரிக் கரைக்கே வந்துசேர்ந்தது. இவ்வளவு நடந்தும், மஞ்சப்பைக் கட்டுரையில் குருணை என்ற சொல்லுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

எக்ஸ்பிரஸ் பேர்லில் இன்னொரு பாடமும் உண்டு. அதன் பிறகு நூற்றுக்கணக்கான ஆமைகளும், டால்பின்களும் இலங்கைக் கரையில் செத்து ஒதுங்கின. குருணையால் செத்தவை எத்தனை, கப்பலிலிருந்த அமிலத்தாலும் எரிந்த ரசாயனத்தாலும் செத்தவை எத்தனை என்று பிரித்துச் சொல்வது சுலபமில்லை. ஒரு சாவின் காரணத்தைக் கண்டுபிடிப்பது கடலில் அவ்வளவு கஷ்டமான வேலை. அந்தக் கஷ்டத்தைத் தாண்டிக் குதித்தவர்களும் உண்டு. 2016 ஜூனில் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. மீன்குஞ்சுகள் இயற்கை இரையை விட்டுவிட்டு நுண்பிளாஸ்டிக்கை விரும்பித் தின்கின்றன என்றது. உலகமெங்கும் தலைப்புச் செய்தி. பரிசோதனை சொன்னபடி நடக்கவே இல்லை என்று சந்தேகம் கிளம்பி, 2017 மேயில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்ற செய்தி நம் பக்கம் வந்துசேரவில்லை. ‘மீன்குஞ்சுகளுக்குப் பிளாஸ்டிக் போதை’ என்று இன்றும் தமிழில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, அப்படியானால் உறுதியாகத் தெரிந்தது என்ன? ஆமை ஜெல்லி மீன் என்று ஏமாந்து விழுங்குகிறது என்பதில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். 2020-ல் பெருந்தலை ஆமைகள் 15-ஐ வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கடலில் சில வாரம் ஊறிப் பாசிபிடித்த பிளாஸ்டிக்கின் வாசனைக்கு அவை உணவின் வாசனைக்குக் காட்டிய அதே ஆர்வத்தைக் காட்டின. புதுப் பிளாஸ்டிக்குக்குக் காட்டவில்லை. வடிவம் மட்டும் இல்லை, வாசனையும் ஏமாற்றுகிறது. கடலில் எவ்வளவு நாள் மிதக்கிறதோ அவ்வளவுக்கு அது சாப்பாடு மாதிரி ஆகிக்கொண்டே போகிறது.

இதைவிட முக்கியமானது 2018-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வு. செத்த ஆமைகளின் உடற்கூறாய்வுகளை வைத்து கிறிஸ் வில்காக்ஸ் குழுவினர் கணக்குப் போட்டார்கள். ஒரு ஆமையின் குடலில் 14 துண்டு பிளாஸ்டிக் இருந்தால் அதனால் சாவதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஒரே ஒரு துண்டுக்கே 22 சதவீதம். எந்த வயசு ஆமை அதிகம் தின்றிருந்தது என்றும் பார்த்தார்கள். வளர்ந்த ஆமைகளில் 16 சதவீதத்தின் வயிற்றில்தான் பிளாஸ்டிக். பொரித்துக் கடலுக்குப் போய்க் கொஞ்ச காலமான குஞ்சுகளில் 54 சதவீதம்.

நம் கரைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஜனவரியில் நாம் பார்த்த ஆயிரம் ஆமையும் முழுசாக வளர்ந்தவை, வலையில் செத்தவை, கனமான உடம்பு, ஆகவே கரைக்கு வந்தன, படம் எடுத்தோம். பிளாஸ்டிக் அதிகமாகக் கொல்வது உள்ளங்கையளவு குஞ்சுகளை. அவை குப்பையும் பாசியும் சேர்ந்து மிதக்கும் நடுக்கடல் வரிகளில், நீரோட்டம் கொண்டுபோகிற இடத்தில் வளர்பவை. அங்கே செத்தால் கரைக்கு வராது, மீனோ நண்டோ முடித்துவிடும். மார்ச், ஏப்ரல் சாயங்காலங்களில் பெசன்ட் நகரில் பொரிப்பகத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கக் கூட்டம் நிற்கும். நானும் போய் நின்றிருக்கிறேன். கைதட்டிவிட்டுத் திரும்பி வருகிறோம். எந்தப் படமும் இல்லாத அந்தச் சாவுகளைப் பற்றித்தான் நம் கட்டுரை எழுதப்பட்டிருக்க வேண்டும். பார்த்த சாவுக்குப் பார்க்காத காரணத்தைச் சொன்னோம். பார்க்காத சாவை எழுதவே இல்லை.

மீனைத் தின்னலாமா என்ற கடைசிப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தமிழகக் கரை மீன்களின் குடலில் நுண்பிளாஸ்டிக் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடலை எடுத்துவிட்டுத்தான் சமைக்கிறோம், கழுவாமல் முழுசாகத் தின்னும் பழக்கம் நமக்குக் குறைவு. கடலின் கதையை எடுத்துக்கொண்டு போய்க் கடைசியில் நம் தட்டில் முடிப்பதில் எனக்கு ஒரு சலிப்பு உண்டு. ஆமைக்கு வந்த கேடு நமக்கும் வந்தால்தான் கேடு என்கிற மாதிரி.

பள்ளி ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். “நீங்க சொல்றது சரி சார். ஆனா பதிமூணு வயசுப் புள்ளைக்கு இழுவலை, குருணை, முகத்துவாரம்னு போனா எங்க நிக்கும்? ஸ்ட்ரா, ஆமை, மஞ்சப்பை. மனசுல பதியும், ஒரு நல்ல பழக்கம் வரும், போதாதா?” என்றார். நியாயமான கேள்வி. மஞ்சப்பை இயக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, 2021 டிசம்பரில் அது தொடங்கியபின் எங்கள் தெருக் காய்கறிக் கடையில் மாற்றம் தெரிந்தது உண்மை, கொஞ்ச நாளில் பழையபடி ஆனதும் உண்மை. ஆனால் பதிமூன்று வயசுப் பிள்ளைக்குப் புரியாது என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. மழை விட்ட ஒரு காலையில் அவளைச் செம்பாக்கம் ஏரிக் கலங்கலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆகாயத்தாமரையில் சிக்கிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, மாத்திரை அட்டை, தெர்மாகோல், ஒற்றைச் செருப்பு. “மாமா, பால் கவர் ஒண்ணுகூட இல்லையே?” என்றாள். அவளே யோசித்து, “அத பழைய பேப்பர் கடையில எடுத்துக்கறாங்கல்ல” என்றாள். தண்ணிப் பாட்டிலும் குறைவாகத்தான் கிடந்தது, அதையும் பொறுக்கி விற்கிறார்கள். விலை உள்ளதை யாராவது எடுத்துவிடுகிறார்கள், விலை இல்லாதது கடலுக்குப் போகிறது. விலை இல்லாதபடி உறையைச் செய்வது யார் என்ற கேள்விக்கு அவள் வந்துசேர ஐந்து நிமிஷம் ஆகவில்லை. நான் படித்த பல கட்டுரைகள் அங்கே வரவே இல்லை.

கட்டுரையைத் திருத்தி எழுதினாள். ஸ்ட்ரா ஆமையை எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லி நானும் சொல்லவில்லை. அதற்குக் கீழே ‘இது பங்குனி ஆமை, நம் கடற்கரைக்கும் வரும்’ என்று ஒரு வரி சேர்த்தாள். 2050 போய்விட்டது. இழுவலைக்கு ஒரு பத்தி வந்தது. படம் ஒட்ட விட்டிருந்த இடத்தில் சிட்லபாக்கத்திலிருந்து முட்டுக்காடு வரைக்கும் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, நடுவில் ஏரிகளுக்கு வட்டம் போட்டிருந்தாள். நாராயணபுரத்தை விட்டுவிட்டிருந்தாள். அதை மட்டும் சொன்னேன்.